பதில் சொல்ல ஒருவர் வேண்டும்: ஜான் மெக்லாக்லினின் இசைத்தட்டுகள்

கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் பெயரைத் தாங்கி வந்த இசைத்தட்டுகளில் மிகப் பலர் வாங்கியவற்றுள் ஒன்று, 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் பாகோ டி லூசியா, ஆல் டி மியோலா ஆகிய இரு கிதார் கலைஞர்களுடன் சேர்ந்து அவர் நிகழ்த்திய கச்சேரியின் பதிவாகும். ‘ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ’ என்ற பெயரில் 1981இல் வெளிவந்த அந்த ஆல்பத்தில் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது முதல் உருப்படியான ‘மெடிட்டரேனியன் சன்டான்ஸ்’. வேடிக்கை என்னவென்றால், அதில் மெக்லாக்லின் வாசிக்கவே இல்லை. அவர் டி மியோலாவுடன் அமர்வது இரண்டாவது உருப்படியில். பாகோவுடன் அமர்வது மூன்றாவதில். இரண்டாவதான ‘ஷார்ட் டேல்ஸ் ஆஃப் த பிளாக் ஃபாரஸ்ட்’டில் இருவரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு போய், நடுவில் திடீரென்று நிறுத்தி, ப்ளூஸில் ஒரு சுற்றுப் போட்டு, பிங்க் பாந்தர் படத்தின் மெட்டையும் உள்ளே நுழைத்து அவையைச் சிரிக்கவைக்கிறார்கள். எட்டு நிமிடங்களுக்கும் மேல் நீளும் அந்த உரையாடல்தான் மெக்லாக்லின் எப்படிப்பட்ட கலைஞர் என்பதை நன்றாகக் காட்டுகிறது.

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வேகம் உண்மைதான், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக மீட்டி, ஒன்றும் தேய்ந்துபோகாமல், சுத்தமான பிருகாவைப் போல அவர் வாசிக்கும் முறை 1970களில் கிதார் கற்ற ஒரு தலைமுறையையே மாற்றியது. ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் வெளியிட்டிருக்கும் பதிவுகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. தனக்குச் சமமான வேகத்தில், சில வேளைகளில் தன்னைவிடக் கூரிய கணக்கோடு பதில் சொல்லக்கூடிய ஒருவர் எதிரில் இருக்கும்போது அவருடைய வாசிப்பு உயர்ந்து நிற்கிறது; அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அந்த வேகம் வெறும் வேகமாகவே முடிந்துபோகிறது. எந்த இசைத்தட்டை வாங்குவது, எதை விட்டுவிடுவது என்பதை இந்த ஓர் அளவுகோலை வைத்தே பெருமளவுக்கு முடிவு செய்துவிடலாம் என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள டான்காஸ்டரில் 1942 ஜனவரி 4 அன்று பிறந்த மெக்லாக்லினுக்கு வீட்டிலேயே இசை இருந்தது. தாயார் வயலின் வாசித்தவர். பதினொரு வயதில் கிதார் கைக்கு வந்தது. ப்ளூஸ் இசைத்தட்டுகளும், ஸ்பெயினின் ஃபிளமென்கோவும், ஜாங்கோ ரைன்ஹார்டின் வாசிப்பும் அவரை இழுத்தன. 1960களில் லண்டனுக்கு வந்து, கிரஹாம் பாண்ட், ஜார்ஜி ஃபேம், பிரையன் ஆகர் போன்றோரின் குழுக்களில் வாசித்தும், பிறருடைய பாடல் பதிவுகளுக்குக் கூலிக்கு வாசித்தும் காலம் தள்ளினார். 1969 ஜனவரியில் பதிவான ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ அவர் தலைமையில் வந்த முதல் ஆல்பம். பாரிடோன், சொப்ரானோ சாக்ஸபோன்களில் ஜான் சர்மன், டிரம்ஸில் டோனி ஆக்ஸ்லி, பாஸில் பிரையன் ஆட்ஜஸ் என்ற நால்வர் குழு அது. பின்னாளில் வந்த பேரிரைச்சலை மட்டுமே அறிந்தவர்கள் இதைக் கேட்டால் வியந்துபோவார்கள். ஒலி மெலிந்தும் தெளிந்தும் இருக்கிறது, உருப்படிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்கின்றன, காலக்கணக்கு அடிக்கடி மாறியும் அந்த மாற்றம் எங்கும் உறுத்துவதில்லை. சர்மனின் கனத்த சாக்ஸபோன் அவரை ஓரிடத்திலும் சும்மா விடுவதில்லை. அதிகம் பேசப்படாத இந்த ஆல்பத்தை அவருடைய முதல் ஐந்து ஆல்பங்களுக்குள் தயங்காமல் சேர்ப்பேன்.

அதே ஆண்டு தொடக்கத்தில், டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் ‘லைஃப்டைம்’ குழுவில் சேர நியூயார்க் சென்றவர், சில நாட்களுக்குள்ளேயே ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார். 1969 பிப்ரவரி 18 அன்று பதிவான ‘இன் எ சைலன்ட் வே’ அந்தச் சந்திப்பின் விளைவு. கிதார் வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசிக்கும்படி மைல்ஸ் தன்னிடம் சொன்னதை மெக்லாக்லின் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜோ ஜாவினுல் எழுதிய மெட்டை, ஏறக்குறைய அசைவே இல்லாத ஓர் ஆதார சுருதியின் மேல் அவர் தயங்கித் தயங்கி எடுக்கும் அந்தத் தொடக்கம், அவருடைய வாழ்நாள் வாசிப்பிலேயே மிகக் குறைவான ஸ்வரங்களைக் கொண்டதாகவும் மிக ஆழமானதாகவும் இருக்கக்கூடும். தயாரிப்பாளர் டியோ மசேரோ அதே பகுதியை வெட்டி, உருப்படியின் முடிவிலும் ஒருமுறை ஒட்டியிருக்கிறார். கேட்பவர்களில் பலருக்கு அது தெரிவதே இல்லை.

தொடர்ந்து 1969 ஆகஸ்டில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பிட்ச்சஸ் ப்ரூ’வில் ஓர் உருப்படிக்கே ‘ஜான் மெக்லாக்லின்’ என்று பெயர் வைத்தார் மைல்ஸ். என்றாலும், மைல்ஸுடனான காலத்திலிருந்து ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால் 1971இல் வந்த ‘ஜாக் ஜான்சன்’ ஆல்பத்தையே சொல்வேன். அதன் முதல் பக்கத்தை முழுவதும் அடைத்துக்கொள்ளும் ‘ரைட் ஆஃப்’, மைல்ஸ் உள்ளே வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் மெக்லாக்லின் பொழுதுபோகாமல் தொடங்கிய ஒரு ஷஃபிள் தாளத்திலிருந்து முளைத்தது. பாஸில் மைக்கேல் ஹென்டர்சனும் டிரம்ஸில் பில்லி காப்ஹாமும் அதைப் பிடித்துக்கொள்ள, மைல்ஸ் ஓடிவந்து உள்ளே குதிக்கிறார். மேற்பார்வையின்றி, தாளத்தை மட்டும் நம்பி, முரட்டுத்தனமாக வாசிக்கும் மெக்லாக்லின் இதில் கிடைக்கிறார். லைஃப்டைம் குழுவின் ‘எமர்ஜென்சி’ இரட்டை இசைத்தட்டை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வாசிப்பு தீப்பிடித்தாற்போல இருந்தாலும் ஒலிப்பதிவு கரடுமுரடானது, எத்தனை நல்ல ஒலிபெருக்கியில் போட்டாலும் அது கரகரக்கத்தான் செய்யும்.

1971இல் அவர் அமைத்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராதான் அவருக்கு உலகப் புகழைத் தேடித்தந்தது. அப்போது அவர் ஸ்ரீ சின்மோயின் சீடர். ‘மகாவிஷ்ணு’ என்பது குரு சூட்டிய பெயர். பனாமாவில் பிறந்த பில்லி காப்ஹாம் டிரம்ஸ், பிராகிலிருந்து வந்த யான் ஹாமர் கீபோர்டு, அயர்லாந்துக்காரரான ரிக் லெயர்ட் பாஸ், அமெரிக்கரான ஜெர்ரி குட்மன் வயலின் என்று திசைக்கொருவராக வந்து சேர்ந்த ஐவர் குழு அது. ‘தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’ அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ‘மீட்டிங் ஆஃப் த ஸ்பிரிட்ஸ்’ உருப்படியின் முதல் சில நொடிகளில் இறங்கும் அந்தக் கனத்த கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) கேட்டவுடனேயே, ஜாஸும் ராக்கும் இதற்கு முன் இப்படிச் சேர்ந்ததில்லை என்பது விளங்கிவிடுகிறது. இரட்டைக் கழுத்துக் கிதாரில் பன்னிரண்டு தந்திகள் கொண்ட கழுத்தில் சுழலும் கோலத்தையும், ஆறு தந்திக் கழுத்தில் தனி வாசிப்பையும் மாற்றி மாற்றி அவர் எடுக்கிறார்.

கர்நாடக இசையில் பழகிய காதுக்கு இந்த ஆல்பத்தில் முதலில் பிடிபடுவது கணக்குதான். ‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ ஒன்பது எண்ணிக்கையில் ஓடுகிறது. ‘த டான்ஸ் ஆஃப் மாயா’வில் பத்து எண்ணிக்கையில் ஒரு கிதார் கோலம் மெல்ல நகர்கிறது, பிறகு அதை நிறுத்திவிட்டு ப்ளூஸ் நடையில் ஒரு பகுதி வருகிறது, கடைசியில் முன்னதைப் பின்னதின் மேல் ஏற்றிவைத்து, இரண்டும் ஒரே சுற்றுக்குள் அடங்குவதைக் காட்டுகிறார்கள். கோர்வை சரியாக எடுப்பில் வந்து விழும்போது அவையில் எழும் அந்தத் தலையசைப்பு இங்கேயும் தானாக வருகிறது. இந்தப் பகுதிகளில் காப்ஹாம் தாளம் காட்டுபவராக மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு கிதார் வாக்கியத்துக்கும் எதிர்வாக்கியம் வைத்திருக்கிறார். ‘யு நோ யு நோ’ என்னும் மெதுவான உருப்படியில், மெக்லாக்லின் விட்டுவைக்கும் ஒவ்வோர் இடைவெளியையும் காப்ஹாம் எப்படி நிரப்புகிறார் என்பதை மட்டும் கவனித்தாலே போதும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பிரிட்டனின் மாஸிவ் அட்டாக் குழு தன் பாடல் ஒன்றுக்கு அந்தக் கோலத்தையே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

1973இல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ இன்னும் மெருகானது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது. வாய்ப்பாட்டே இல்லாத, பதினெட்டு எண்ணிக்கைச் சுற்றில் தொடங்கும் ஓர் ஆல்பம் அந்த இடத்தை எட்டியதை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாகவே இருக்கிறது. இதில் ‘ஒன் வேர்ட்’ உருப்படியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காப்ஹாமின் ஸ்நேர் டிரம் உருட்டலில் தொடங்கி, லெயர்டின் பாஸ் தாங்கிப் பிடிக்க, கிதார், வயலின், சின்தசைசர் மூன்றும் முறைவைத்து வாசிக்கின்றன. ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் போகப்போகக் குறுகி, கடைசியில் மூன்று குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டிருப்பவர்களுக்கு இதன் அமைப்பை விளக்கவே தேவையில்லை. இது ஒப்புமையாக எனக்குத் தோன்றுவதேயன்றி, அவர் அங்கிருந்துதான் எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை.

அந்த முதல் குழு 1973 முடிவோடு கலைந்தது. காரணங்களில் ஒன்று, குழுவினர் எழுதிய உருப்படிகளுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற வருத்தம். அதே ஆண்டு ஜூனில் லண்டனின் டிரைடென்ட் கூடத்தில் பதிவாகி, வெளிவராமல் கிடந்து, 1999இல்தான் கடைக்கு வந்த ‘த லாஸ்ட் டிரைடென்ட் செஷன்ஸ்’ ஆல்பத்தில் ஹாமர், குட்மன், லெயர்ட் ஆகிய மூவரின் உருப்படிகளும் இருக்கின்றன. அவற்றுள் ஹாமரின் ‘சிஸ்டர் ஆண்ட்ரியா’வின் சேட்டையான நடை மெக்லாக்லினுக்குத் தோன்றியிருக்கவே முடியாத ஒன்று. பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் தாங்களும் கேள்வி கேட்க விரும்பினார்கள். அதற்கு அந்தக் குழுவில் வழி இருக்கவில்லை. அடுத்து அமைந்த இரண்டாவது மகாவிஷ்ணு குழு, ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில், மைக்கேல் டில்சன் தாமஸ் நடத்திய லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் ‘அபோகலிப்ஸ்’ ஆல்பத்தை 1974இல் வெளியிட்டது. வயலினில் ழான்-லுக் போன்ட்டி, டிரம்ஸில் நாரத மைக்கேல் வால்டன் என்று ஆள்பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய வாத்தியக் குழு உடனுக்குடன் பதில் சொல்லாது. எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கும். அழகான இடங்கள் உண்டு என்றாலும், இரண்டு மூன்று முறைக்கு மேல் நான் அதை முழுமையாகக் கேட்டதில்லை.

மின் கிதாரின் உச்சத்தில் இருந்த மனிதர் அதைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து ஒலிபெருக்கியின் மிரட்டல் இல்லாமல் வாசிக்கத் தொடங்கியது அவருடைய வாழ்க்கையின் மிகத் துணிச்சலான திருப்பம். அதற்கான ஏற்பாடு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1971இல் வந்த ‘மை கோல்ஸ் பியாண்ட்’ ஆல்பத்தின் ஒரு பக்கம் தம்புராவோடும் பாதல் ராயின் தபலாவோடும் ஒலித்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை கற்றார். அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர் வயலின் கலைஞர் எல். ஷங்கர், வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. அங்கே மிருதங்கம் கற்பித்தவர் ராமநாதபுரம் ராகவன். தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம். இந்த ஐவரும் சேர்ந்த ‘சக்தி’யின் முதல் இசைத்தட்டு, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருந்த சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் நேரடிப் பதிவு, 1976இல் வெளிவந்தது.

‘சக்தி’யை இந்திய இசைக்குக் கிதாரைப் பக்கவாத்தியமாகச் சேர்த்த முயற்சி என்று எண்ணிக்கொண்டு வாங்குபவர் ஏமாறுவார். முதல் உருப்படியான ‘ஜாய்’ பதினெட்டு நிமிடம். தொடங்கியதும் கிதாரும் வயலினும் ஒரே வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு ஓடுகின்றன. ராகமும் தாளமும் நம்முடையவை போலத் தோன்றினாலும், அந்த ஓட்டத்தின் பதற்றம் ஜாஸினுடையது. இங்கேதான் மெக்லாக்லினுக்கு வாழ்க்கையின் மிகக் கடினமான பதில்கள் கிடைத்தன. மகாவிஷ்ணு குழுவில் அவர் எழுதிய கணக்கை மற்றவர்கள் கற்றுக்கொண்டு வாசித்தார்கள். இங்கே எதிரில் அமர்ந்திருந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர் முடிப்பதற்குள் அந்த வாக்கியத்தைத் மூன்றெண்ணிக்கைத் திஸ்ரத்திலும் ஏழெண்ணிக்கை மிஸ்ரத்திலும் மாற்றித் திருப்பித் தருபவர்கள். விநாயக்ராமின் கடம் அவரைச் சில இடங்களில் உண்மையிலேயே திணறடிக்கிறது. நேரடிப் பதிவு என்பதால் அந்தத் திணறலும் அப்படியே கிடைத்திருக்கிறது. நடுவில் வரும் ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அதன் எளிய மெட்டைக் குழந்தையும் முணுமுணுக்கலாம். இரண்டாம் பக்கம் முழுவதையும் நிரப்பும் ஏறத்தாழ அரை மணி நேர உருப்படிக்குப் பொறுமை வேண்டும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கும்.

அவர் கையில் இருந்த கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஏப் வெக்டர் செய்து கொடுத்த அந்தக் கிதாரில், வழக்கமான ஆறு தந்திகளுக்கு அடியில் ஒலித்துளையின் குறுக்கே ஏழு துணைத் தந்திகள் ஓடின; அவை தாமாகவும் அதிரும், தேவையானபோது மீட்டவும் முடியும். விரல் பலகையில் மெட்டுகள் எனப்படும் குறுக்குக் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். சாதாரணக் கிதாரில் விரல் மரத்தில் முட்டி நின்றுவிடும். பள்ளம் இருந்தால் வீணையில் செய்வதுபோல் தந்தியை அழுத்தி இழுத்துச் சுருதியை வளைக்கலாம். கமகம் முழுவதும் கைவந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. விரைவான பிடிகளில் அவரைக் குறைசொல்ல முடியாது. மெதுவான ஆலாபனையில் ஷங்கரின் வயலின் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்லும்போது, கிதார் அதற்குப் பக்கத்தில் படியேறுவதாகவே கேட்கிறது. அதை அவர் மறைக்க முயலவில்லை என்பதும், தன் கருவிக்கு இயல்பான கூர்மையைக் கைவிடவில்லை என்பதும் இந்தப் பதிவுகளின் பலம்.

ராகவன் முதல் ஆல்பத்தோடு நின்றுவிட, மற்ற நால்வரும் சேர்ந்து ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யையும் 1977இல் ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ஐயும் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தார்கள். மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நடுவில் உள்ளதையே பரிந்துரைப்பேன். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்கும் ‘லா டான்ஸ் டு போனர்’ ஐந்தே நிமிடத்தில் குழுவின் முழு ஆற்றலையும் காட்டிவிடுகிறது; ஒலிப்பதிவும் தெளிவு, கடத்தின் கும்கியையும் தபலாவின் பாயாவையும் பிரித்துக் கேட்கலாம். ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ உருப்படிகளைச் சுருக்கி, ஸ்பானிய, கரீபியச் சாயல்களைச் சேர்த்து, மேலும் பலரைக் கவர முயன்ற ஆல்பம். ‘மைண்ட் எகாலஜி’ போன்ற இடங்களில் பொறி பறந்தாலும், உரையாடல் சூடேறும் தருணத்தில் உருப்படி முடிந்துவிடுகிறது. மின் கிதாரின் இடிமுழக்கத்துக்காகக் காத்திருந்த பழைய ரசிகர்களில் பலர் இந்த மூன்று ஆல்பங்களையும் அன்று பொருட்படுத்தவில்லை. இன்று அவர்களின் பிள்ளைகள் இவற்றையே தேடுகிறார்கள்.

1980களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கிதாரைக் கணினியோடு இணைக்கும் சின்கிளாவியர் கருவியில் அவருக்கு மோகம் பிறந்தது. மகாவிஷ்ணு என்ற பெயரை மீண்டும் எடுத்து 1984இலும் 1987இலும் வெளியிட்ட ஆல்பங்களில் கிதார் எது, கீபோர்டு எது என்று பிரித்தறிய முடியவில்லை. யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பதே தெரியாத உரையாடலில் யாருக்கு என்ன சுவை கிடைக்கும்? அந்தப் பத்தாண்டின் இறுதியில் திரிலோக் குர்த்து, கை எக்கார்ட் ஆகிய இருவரோடு மட்டும் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பதிவான மூவர் கச்சேரி அவரை மீட்டுக் கொண்டுவந்தது. தரையில் அமர்ந்தும் மண்டியிட்டும் தன் தாளக் கருவிகளை வாசித்த குர்த்து, ஒரு வாளித் தண்ணீரைக்கூட வாத்தியமாக்கிப் பதில் சொல்லக்கூடியவர். 1995இல் வந்த ‘ஆஃப்டர் த ரெய்ன்’ பலர் கவனிக்காமல் விட்ட இன்னொரு நல்ல ஆல்பம். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸும், ஆர்கனில் ஜோயி டிஃப்ரான்செஸ்கோவும் உடனிருக்க, பெரும்பாலும் கோல்ட்ரேன் எழுதிய அல்லது வாசித்த உருப்படிகளையே வாசிக்கிறார்கள். ஜோன்ஸ் அலையைப்போல் புரட்டிப் போடும் தாளத்தின் மேல் மெக்லாக்லின் நிதானமாக மிதக்கிறார், அவசரமே இல்லை.

1997இல் விநாயக்ராம், ஜாகிர் உசேன், புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் நிகழ்ந்த சுற்றுப்பயணம் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் இரட்டை வட்டாக வந்தது. சௌராசியாவின் நிதானம் பெரிது; ஆனால் அது வேறொரு கச்சேரியின் நிதானம், இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு விலகி நிற்பதாகவே பல இடங்களில் படுகிறது. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸும், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷும் உள்ளே வந்த பிறகுதான் குழுவுக்கு உயிர் வந்தது. கஞ்சிரா என்ற ஒற்றைத் தோல் கருவியில் செல்வகணேஷ் எழுப்பும் ஆழமான ஓசையை 2000இல் வந்த ‘த பிலீவர்’ ஆல்பத்தில் கேட்கலாம். ‘வெண்ணிலா கபடி குழு’ படத்துக்கு இசையமைத்தவர் என்று மட்டும் அவரை அறிந்திருப்போர் அவசியம் கேட்க வேண்டும். ஸ்ரீனிவாஸைப் பற்றி என்ன சொல்வது? மாண்டலினும் கிதாரும் தந்தியை மீட்டும் கருவிகள் என்பதால், வேகத்தில் ஒளிந்துகொள்ள இருவருக்குமே இடமில்லை. மெக்லாக்லின் ஒரு சங்கதியை வீச, ஸ்ரீனிவாஸ் சிரித்துக்கொண்டே அதில் ஒரு கமகத்தைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். அந்தச் சேர்க்கையை மட்டும் கிதாரால் திருப்பித் தர முடியாது. ஒலியில் மட்டும் கேட்டாலும் அந்தச் சிரிப்பு தெரியும். 2014 செப்டம்பர் 19 அன்று, 45ஆம் வயதில் ஸ்ரீனிவாஸ் மறைந்தது இந்த இசைக்கு நேர்ந்த ஈடுகட்ட முடியாத இழப்பு.

சென்னையில் பதிவாகி 2008இல் வெளிவந்த ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’, ரஞ்சித் பாரோட்டின் டிரம்ஸையும் ஆட்ரியான் ஃபெரோவின் பாஸையும் அடித்தளமாகக் கொண்டு, பல உருப்படிகளில் ஓர் இந்தியக் கலைஞரை எதிரில் நிறுத்துகிறது; ஷஷாங்கின் புல்லாங்குழலும் யு. ராஜேஷின் மாண்டலினும் அவற்றுள் உண்டு. கருத்தளவில் சிறந்த திட்டம்தான். ஆனால் கிதார் சின்தசைசரின் மழமழப்பான ஒலியை அவர் இதிலும் விடவில்லை. அந்த ஒலி என் காதுக்கு இன்றுவரை பழகவில்லை. பழகியவர்கள் இந்த ஆல்பத்துக்கு என்னைவிட உயர்ந்த மதிப்பெண் தரக்கூடும். கேரி ஹஸ்பண்ட், எட்டியேன் எம்பாப்பே, ரஞ்சித் பாரோட் ஆகியோருடன் அவர் நடத்திய ‘ஃபோர்த் டைமென்ஷன்’ குழுவின் ஆல்பங்களில், லண்டனின் ரானி ஸ்காட்ஸ் மன்றத்தில் பதிவாகி 2017இல் வந்த நேரடிப் பதிவே மேலானது. அதில் உள்ள ‘மைல்ஸ் பியாண்ட்’ தனி வாசிப்புக்கு 2018இல் கிராமி விருது கிடைத்தது. பழைய மகாவிஷ்ணு உருப்படிகளை எழுபதைக் கடந்த விரல்கள் வாசிப்பதைக் கேட்கிறோம் என்ற எண்ணமே எழாதபடி வாசித்திருக்கிறார்.

ஷங்கர் மகாதேவன், ஜாகிர் உசேன் இருவருடன் 2020இல் வெளியிட்ட ‘இஸ் தட் ஸோ’ ஒரு விசித்திரமான ஆல்பம். பாடகர் ராகத்தின் எல்லைக்குள் பாட, அதன் அடியில் மெக்லாக்லின் மேற்கத்திய ஹார்மனியை விரித்து, ஸ்வரம் ஒன்றாகவே இருக்க அதன் நிறம் மாறிக்கொண்டே போகும்படி செய்கிறார். ராகத்தின் ஒருமை இதனால் கெடுகிறது என்று வாதிடுபவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. மீதிப் பாதி, ஷங்கர் மகாதேவன் ஒரு கார்டு மாறும் கணத்தில் குரலைச் சற்றே தாங்கிப் பிடித்து அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் இடங்களைக் கேட்டவுடன் கரைந்துவிடுகிறது.

2023இல், ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ வந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு, சக்தி என்ற பெயரிலேயே கூடத்தில் உருவான ‘திஸ் மொமன்ட்’ வெளிவந்தது. கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் கணேஷ் ராஜகோபாலன் வயலினுக்கு வந்தார். செல்வகணேஷ், ஷங்கர் மகாதேவன், ஜாகிர் உசேன் தொடர்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி விருதை இது பெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் அவரவர் இடத்திலிருந்து பதிவு செய்து அனுப்பிச் சேர்த்த இசை இது. மெக்லாக்லின் மொனாக்கோவில், மற்றவர்கள் வேறு கண்டங்களில். அந்தத் தூரம் கேட்கத்தான் செய்கிறது. ஸ்ரீனிவாஸின் நினைவாக அமைந்த ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’ உருக்கமானது. தியாகராஜரின் கீர்த்தனையை ஒட்டிய ‘கிரிராஜ் சுதா’ கச்சிதமானது. எல்லாம் அளவாகவும் அழகாகவும் பொருந்தியிருக்கின்றன. பொருத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பதே என் குறை. ஒருவர் மற்றவரை மடக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் அந்த நொடி, தனித்தனி அறைகளில் பதிவானவற்றுக்குள் வர வழியில்லை. 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்துவிட்ட நிலையில், அந்த நால்வரோடு மெக்லாக்லின் கூடத்தில் செய்த இசையாக இந்த ஒரே ஆல்பம் எஞ்சியிருக்கிறது. இதையே முதலில் வாங்க நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை: 1975 ஜூலைக் கச்சேரியின் ‘ஜாய்’ உருப்படியை ஒருமுறை கேட்டுவிட்டு, அதன் பிறகு வாங்குங்கள்.